இருபது பாரமும் ஒரு வெற்றிலைத் தட்டும்

சிவமயம்

காஜா பெராங்,
மலாக்கா.
16-3-1958

என் ஒரே அக்காளின் ஒரே மகனும், நம் வம்சத்திலேயே கப்பலில் ஏறாமல் பஸ்ஸில் போய்ப் பெரிய படிப்புப் படிக்கிறவனுமான சிரஞ்சீவி ஜெயபாலனுக்கு, தாய்மாமன் தியாகராஜன் சகல ஆசீர்வாதங்களோடும் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உன் அத்தை பூங்காவனமும் ஏழு கோழிகளும் சுகம். எட்டாவது கோழி சுகமாக இல்லை. அதன் வரலாறு கீழே வருகிறது. அவ்விடத்தில் உன் உடம்புக்கும், விடுதிச் சோறு தின்கிற உன் வயிற்றுக்கும் சுகம் வேண்டி காஜா பெராங் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் பாக்கி வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு ஒன்றாகக் கேள்வி கேட்டு நிரப்பச் சொல்லி நீ அனுப்பிய இருபது பாரங்களும் பத்திரமாக வந்து சேர்ந்தன. உன் புரொபசர் நாலு பக்கத்துக்கு இங்கிலீஷில் எழுதிய விளக்கத்தையும் ஒரே மூச்சில் முடித்தேன். எழுத்து பொடியாக இருந்ததால் பக்கத்து வீட்டுக் கணேசமூர்த்தியின் மகள் சீதா சும்மா உரக்க வாசித்தாள். அர்த்தம் பண்ணிக்கொண்டவன் நான். இந்தச் சீதாவை உனக்கு ஞாபகம் இருக்காது. போன வருஷம் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ் பண்ணிவிட்டு வீட்டில் இருக்கிறாள். எழுதப் படிக்கத் தெரியாத உன் அத்தைக்கு, வருகிற கடிதம் போகிற கடிதம் எல்லாம் வாசித்துச் சொல்கிறவள் அவள்தான். இந்த ஆராய்ச்சியில் எனக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தாள் என்பதற்காகப் பெயரைச் சொல்லி வைக்கிறேன். மற்றபடி முக்கியமில்லை.

சோசியாலஜி என்றால் என்னவோ ஏதோ என்று நான் முதலில் கொஞ்சம் மலைத்தேன் என்று சொன்னால் அது பொய். படித்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. மனுஷன் தினசரி செய்கிற காரியத்தை, செய்கிறவனுக்கே தெரியாமல் ஏன் செய்கிறான் என்று பக்கத்தில் நின்று பார்த்துச் சொல்வது. அவ்வளவுதானே? இதைத்தானே நான் உமர் பாய் வெற்றிலைக் கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து இருபது வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன்! காகிதம் கொடுக்கத்தான் ஆளில்லை. நான் ஸ்டாண்டர்ட் சிக்ஸோடு நின்றது படிப்பு ஏறாமல் அல்ல. நான் கேட்ட கேள்விகளைத் தாங்க முடியாமல் ஹெட்மாஸ்டரே என் அப்பாவைக் கூப்பிட்டு, "உங்க பையனுக்கு இதுக்கு மேல சொல்லிக்கொடுக்க எங்ககிட்ட ஒண்ணுமில்ல" என்று கைகூப்பினார். இப்போது ரப்பர் குடோனுக்கு சூப்பரின்டென்டாக இருக்கிறேன். சிலர் இதை வாட்ச்மேன் வேலை என்பார்கள். பொறாமை.

உன் நிலைமையும் எனக்கு நன்றாகத் தெரியும். இந்த மாசக் கடைசிக்குள் இருபது வீட்டு விவரமும் புரொபசர் மேஜைக்குப் போகவில்லை என்றால் அவர் உன்னை அடுத்த வருஷப் படிப்புக்கு ஏற்றமாட்டார். ஏற்றாவிட்டால், புக்கிட் ரம்பாய்த் தோட்டத்தில் கணக்குப் பேரேட்டோடு பெரிய கிராணியாக உட்கார்ந்திருக்கும் உன் அப்பா உன்னைக் காதைப் பிடித்து இழுத்துவந்து சின்னக் கிராணி நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார். தைப்பூசத்தன்று கோயிலில் வைத்தே மச்சான் என்னிடம் கேட்டார்: "அடுத்த வீட்டுக்காரன் என்ன செய்றான்னு பாக்கறதுக்கு ஒரு யூனிவர்சிட்டியா? அதைத்தான் உன் அக்கா இங்க வேலிக்குப் பக்கத்துல நின்னு சும்மாவே பண்றாளே!" அப்போது நான் வாய் திறக்கவில்லை. வாயில் பொங்கல் இருந்தது. ஆனால் மனசுக்குள் சபதம் எடுத்துவிட்டேன்: என் மருமகன் நாற்காலியில் உட்கார்ந்தால் புரொபசர் நாற்காலியில்தான் உட்காரவேண்டும்.

ஆகவே மார்ச் முதல் தேதி, சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்த கையோடு ஆராய்ச்சிக்குப் புறப்பட்டேன். ஆராய்ச்சிக்காரன் ஆராய்ச்சிக்காரனாகத் தெரிய வேண்டாமா? வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் கோட்டு, குடோன் தொப்பி, கக்கத்தில் பாரக்கட்டு, காதில் பென்சில், பின்னால் குடையோடு சீதா. சாயந்தரப் பாட்டு நேரம். காஜா பெராங் தெரு முழுக்க ஒவ்வொரு வீட்டு ரேடியோவிலும் ஒரே பாட்டு. ஒரு முனையில் நின்று கேட்டால் தெருவே ஒரு பெரிய ரேடியோ மாதிரி இருந்தது. நான் நடக்க ஆரம்பித்தேன். முதல் வீட்டில் பாட்டு நின்றது. இரண்டாம் வீட்டில் நின்றது. நான் காலெடுத்து வைக்க வைக்க, வேலி ஓணான் தலையை இழுத்துக்கொள்கிற மாதிரி வீடு வீடாகப் பாட்டு உள்ளே போய்விட்டது. விஷயம் என்னவென்றால், ரேடியோ லைசென்ஸ் பார்க்கிற அதிகாரி என்று நினைத்துவிட்டார்கள்! என் கம்பீரம் அப்படி.

உன் பாரத்தில் ஏழாம் கேள்வி, வீட்டில் ரேடியோ உண்டா? ஒருவர் பாக்கியில்லாமல் இல்லை என்றார்கள். அப்பம் சுட்டு விற்கிறாரே சிவகாமசுந்தரி அக்கா, அந்த அம்மாள் வீட்டில் மட்டும் பாட்டை நிறுத்த நேரம் பற்றவில்லை. ரேடியோ மேல் ஒரு பட்டுத்துணியைப் போர்த்தி, அதன் மேல் பிள்ளையாரைத் தூக்கி வைத்துவிட்டு, முன்னால் கைகட்டி நின்றார்.

"அது என்னக்கா அங்க?"

"சாமி மாடம்."

"உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் வருதே?"

"பக்தியோட கும்புட்டா பாடும். உங்க வீட்டுல பாடாது."

நான் என்ன செய்தேன் தெரியுமா? பாரத்தில் "ரேடியோ இல்லை" என்று எழுதி, ஓரத்தில் சின்னதாக "பாடிக்கொண்டிருந்தது" என்றும் எழுதினேன். இந்த ஓரக் குறிப்பு இருக்கிறதே, இதுதான் மருமகனே, என் ஆராய்ச்சியின் உயிர்நாடி. மனுஷன் வாயால் சொல்வது ஒன்று, வீட்டில் இருப்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. அந்தச் சந்தில்தான் சோசியாலஜி குடியிருக்கிறது. இதை நான் சொன்னேன் என்று புரொபசரிடம் சொல்.

இன்னொன்றும் கவனித்தேன். நம் தெருமுனைத் தண்ணீர்க் குழாயில் காலையில் வரிசையில் ஆள் நிற்பதில்லை. மண்ணெண்ணெய் டின்தான் நிற்கிறது. ராத்திரியே டின்னை வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். காலையில் வருகிறவன் முன்னால் நிற்கிற மனுஷனை இடித்துத் தள்ளுவான், வாய்ச்சண்டை போடுவான்; ஆனால் ஒரு நெளிந்துபோன டின்னைத் தாண்டி ஒரு அடி வைக்கமாட்டான். ஆளில்லாத டின்னுக்கு இருக்கிற மரியாதை டின்னில்லாத ஆளுக்கு இல்லை. நானே ஒரு நாள் டின் இல்லாமல் போய் நின்று பார்த்தேன். பதினோரு பேர் என்னைக் கடந்து போனார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் கடன் வாங்கினவர்கள்.

சனிக்கிழமை விவரம் இப்படிப் பொய்யாய்ப் போனதால் ராத்திரிச் சோற்றின்போது யோசனையில் இருந்தேன். உன் அத்தை ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "ஒருத்தர் வீட்டுக்குப் போறது தப்பில்ல. வெறுங்கையோட, போலீஸ்காரன் மாதிரி போனீங்க பாருங்க, அதான் தப்பு. நான் வரேன் நாளைக்கு." கெட்டிக்காரி. என்னோடு இருபத்தாறு வருஷம் இருந்து கற்றுக்கொண்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ராகு காலம் சாயந்தரம்தான். காலைப்பொழுது முழுக்க நம் கையில். நான் வேட்டி, ஜிப்பா, அங்கவஸ்திரம். உன் அத்தை கல்யாணத்துக்குக் கட்டின கூறைப்புடவை. கையில் பித்தளைத் தட்டு; தட்டில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மல்லிகைச் சரம், நடுவில் உன் பாரங்கள், பாரத்தின் மூலையில் கொஞ்சம் மஞ்சள். பின்னால் அன்றும் குடையோடு சீதா. அவள் தெருவில் இறங்கும்போதே, "மாமா, இந்தக் கோலத்துல போனா வேற மாதிரி நெனைப்பாங்க மாமா" என்று என்னமோ முணுமுணுத்தாள். சின்னப் பிள்ளை, அதற்கு என்ன தெரியும் என்று விட்டுவிட்டேன்.

ஆகா, அந்த வரவேற்பு! நேற்று ஜன்னலைச் சாத்தினவர்கள் இன்று வாசலில் தண்ணீர் தெளித்தார்கள். புதுப் பாய் விரித்தார்கள். கோப்பி என்ன, முறுக்கு என்ன! கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் கொட்டியது. வீட்டில் எத்தனை பேர், பெண் பிள்ளைகளுக்கு என்ன வயது, எது வரை படிப்பு, சமையல் யார், யாருக்கும் நோய் நொடி உண்டா, பூர்வீகம் எந்த ஊர், எதிர்காலத்தைப் பற்றி என்ன எதிர்பார்ப்பு, எல்லாம் உன் பாரத்தில் உள்ள கேள்விகள், ஒன்றுகூட நான் சேர்க்கவில்லை. பதினாறாம் கேள்வி ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அது கக்கூஸ் எத்தனை குடும்பத்துக்குப் பொது என்பது. வெற்றிலைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேட்க நாக்கு வரவில்லை. எல்லாருக்கும் "நன்று" என்று நானே எழுதிவிட்டேன்.

ஒவ்வொரு வீட்டிலும் கடைசியில், "இதெல்லாம் யாருக்கு?" என்று வெட்கப்பட்டுக்கொண்டே கேட்டார்கள். மறைக்க என்ன இருக்கிறது? "சிங்கப்பூரில் பெரிய படிப்புப் படிக்கிற என் அக்காள் மகன் ஜெயபாலனுக்கு. மாசக் கடைசிக்குள் முடிவு தெரிந்தாக வேண்டும். முதல் முதலாக உங்கள் வீட்டுக்குத்தான் வந்திருக்கிறேன்" என்றேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான் சொன்னேன், ஒரு மரியாதைக்கு. கூடவே உன்னைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லிவைத்தேன். நீ வகுப்புக்குள் நுழைந்தால் வெள்ளைக்காரப் புரொபசர் எழுந்து நின்று நாற்காலியைத் துடைப்பார் என்றும், கவர்ன்மென்டில் கார் கொடுப்பதாகச் சொல்லியும் நீ சிவப்பு நிறம் பிடிக்காமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டாய் என்றும். சும்மா, பேச்சுக்கு.

கம்போங் செட்டியிலும் மூன்று வீடு முடித்தேன். அவர்கள் நம்மைவிடப் பழைய குடி, நம்மைவிடப் பக்தி. பேச்சு மட்டும் மலாய்தான். அங்கே நாயக்கர் என்ற பெரிய மனிதர் தட்டைப் பார்த்ததும், "மாசோக், மாசோக், மக்கான் டூலு!" என்று உள்ளே இழுத்துச் சாப்பிட உட்கார்த்திவைத்துவிட்டார். வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டேன். சாமியிடம் தமிழ், சம்சாரத்திடம் மலாய் என்றார். சண்டை வந்தால்? "சாமியிடம் சண்டை இல்லையே!" என்றார். மூன்று வீட்டிலும் சாப்பிட்டேன். ஆராய்ச்சிக்காகத்தான்.

இருபது பாரமும் முடிந்தது. வெற்றி! திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நான் ராஜா மாதிரி நடந்தேன். புதன்கிழமை சாயந்தரம் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், வாசலில் கணேசமூர்த்தி. பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர், பக்கத்து வீடு, தினம் வேலியைத் தாண்டித்தான் வருவார். அன்று ரோட்டைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தார். கையில் தட்டு. தட்டோடு வேலி தாண்டக்கூடாதாம். பின்னால் சீதா தலையில் அடித்துக்கொண்டு நின்றாள். உன் அத்தைக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. உடனே கொல்லைக்குப் போனாள், எட்டாவது கோழி ஒரே ஒரு தரம் கத்தியது.

"என்ன தியாகு, சம்பந்தி வந்திருக்கேன், ஒரு நாக்காலி கூடவா இல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் சிவகாமசுந்தரி அக்கா, தம்பி மகள் ருக்மணியின் ஜாதகத்தோடு படியேறிவிட்டார். இன்னொரு தட்டு.

"யாருக்கு யாரு சம்பந்தி? கணேசா, நீ எங்க இங்க?"

"நான் பக்கத்து வீடுக்கா."

"பக்கத்து வீட்டுக்காரனுக்கு எதுக்குத் தட்டு?"

"நீங்க அப்பம் கொண்டுவர்ற தட்டு இப்படியா இருக்கும்?"

அதற்குள் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸர் பொன்னுதுரை, மகள் சாரதாம்பாளின் படத்தைக் கண்ணாடி போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு வந்துவிட்டார். இரண்டு தட்டையும் பார்த்தார். தன் தட்டையும் பார்த்தார். "இங்கயும் வரிசையா? எனக்கு மூணாம் நம்பரா?" என்றார். கடைசியாக உமர் பாய் எட்டிப் பார்த்தார். "மன்னிச்சுக்குங்க தியாகண்ணே. ஒரே மத்தியானத்துல மூணு தட்டுக்கு வெத்தல கட்டிக் குடுத்தேன். மூணு பேரும் உங்க விலாசம்தான் சொன்னாங்க. உங்களுக்கு மூணு மருமகனான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சிவகாமசுந்தரி அக்கா என் பக்கம் திரும்பினார். "ஏன்யா, பொண்ணுக்கு வயசென்ன, படிப்பென்ன, சமைப்பாளா, உடம்புக்கு ஏதும் உண்டான்னு புருஷன் பொண்டாட்டியா மஞ்சள் தடவின காகிதத்தோட வந்து கேட்டியே. பட்டுத்துணியை எடுத்து ரேடியோவைக்கூட காட்டினேனே உனக்கு! எல்லாம் விளையாட்டுக்கா?"

அப்போது நான் எழுந்து நின்றேன். மருமகனே, நீ பார்த்திருக்க வேண்டும். மெர்டேக்கா என்று நம் சுதந்திரத் தேதியை பண்டார் ஹிலிர் திடலில் அறிவித்த அன்று இரண்டாம் வரிசையில் நின்று கேட்டவன் நான். மேடைப் பேச்சு எனக்குப் புதிதல்ல. "பெரியோர்களே! இது பெண் கேட்ட காரியமல்ல, சமூகவியல்!" என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினேன். முதலில் கோபமாக இருந்த முகங்கள் மெல்ல மலர்ந்தன. கடைசியில் மூன்று பேரும் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். மூன்று சம்பந்தமும் சுமுகமாகக் கலைந்தது. நீ கவலையில்லாமல் படி.

ஆனால் செய்தி நமக்கு முன்னால் புக்கிட் ரம்பாய்க்குப் போய்விட்டது. தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டில் யாரோ, "கிராணியாரே, மகனுக்கு மூணு எடத்துல நிச்சயமாமே!" என்று கேட்க, நேற்று சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் உன் அப்பா வந்து இறங்கிவிட்டார். குடையை மடக்கக்கூட இல்லை. "தியாகு! என் மகனுக்குப் படிப்பும் வேணாம், மூணு கல்யாணமும் வேணாம். திங்கக்கெழமை தந்தி குடுக்குறேன், வந்து சின்னக் கிராணி வேலையைப் பாக்கட்டும்" என்றார். நான் பதறவே இல்லை. அவரை உட்காரவைத்து, சட்டம் படித்த வக்கீல் மாதிரி ஒவ்வொரு பாயிண்டாக எடுத்துச் சொன்னேன். சோசியாலஜி இல்லாவிட்டால் இந்தக் காலத்து அன்றாட வாழ்க்கை எப்படி விளங்கும், சுதந்திரம் வந்த தேசத்தில் யார் எப்படி வாழ்கிறார்கள் என்று தெரியாமல் எப்படி ஆள்வது, என்றெல்லாம். மச்சான் மலைத்துப் போய்விட்டார். "இன்னும் ஒரு வருஷம் படிக்கட்டும்" என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டு ஆறு மணி பஸ்ஸில் திரும்பினார். எல்லாம் என் நாவன்மை.

ஆக, இத்துடன் இருபது பாரங்களும் என் ஓரக் குறிப்புகளோடு இணைத்திருக்கிறேன். உன் புரொபசரிடம் கொடு. அவர் என்னை நேரில் பார்க்க விரும்பினால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வாகத்தான் இருக்கிறேன்.

உனக்கு நூறு வயதும், அதில் தொண்ணூறு வருஷம் நல்ல பசியும், எழுதுகிற கைக்கு வலியில்லாமையும் அந்தப் பிள்ளையார் தரட்டும். விடுதியில் உன்னோடு தங்குகிற பிள்ளைகளுக்கும், புரொபசர் வீட்டு அம்மாளுக்கும் என் வணக்கத்தைச் சொல்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்,
தி. தியாகராஜன்
(குடோன் சூப்பரின்டென்ட்)

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்கு முன்னால் உன் அத்தை கடிதத்தைப் பிடுங்கி, வழக்கம்போல் சீதாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிவிட்டாள். சீதா ஒரு எழுத்து விடாமல் வாசித்தாள். "மற்றபடி முக்கியமில்லை" என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தாள். இப்போது இரண்டு பேரும் என் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஆகவே சில சில்லறைத் திருத்தங்கள்.

முதலாவது, இருபது பாரங்களும் இணைக்கப்படவில்லை. சம்பந்தம் கலைந்தால் பெண் வீட்டு விவரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது முறையாம். உன் அத்தை வியாழக்கிழமை அந்த மூன்று வீட்டுக்கும் போய்ப் பாரங்களை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதைப் பார்த்த மற்ற பதினேழு வீடும், "அவங்க காகிதம் மட்டும் என்ன ஒசத்தியா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டார்கள். நாயக்கர் தம்முடையதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். எனக்கு இது எதுவும் தெரியாது. மேலே எழுதும்போது பாரக்கட்டு அலமாரியில் இருக்கிறது என்றே நம்பி எழுதினேன்.

நீ நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். என் எழுத்து யாருக்கும் புரியாது என்று சொல்லி, திருப்பிக் கொடுப்பதற்கு முன்பே சீதா இருபதையும் தன் கையெழுத்தில் பிரதி எடுத்து வைத்திருக்கிறாள். அதுதான் உள்ளே இருக்கிறது. ஓரக் குறிப்புகளும் அவளுடையவை. "பாடிக்கொண்டிருந்தது" என்பதும் அவள் எழுதியது. நான் அந்த நேரம் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். சந்து, குடியிருப்பு என்று நான் எழுதியிருப்பதும் அவள் சொன்னதுதான். குழாயடி டின் விஷயம் மட்டும் என்னுடையது என்று அவளே ஒத்துக்கொண்டாள். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள். அதை யாரும் எழுதச் சொல்லவில்லை, நானே எழுதிக்கொள்கிறேன்.

புதன்கிழமை நான் முக்கால் மணி நேரம் பேசவில்லை. சிவகாமசுந்தரி அக்கா திரும்பின மாத்திரத்தில் நான் கோழியைப் பார்க்கக் கொல்லைக்குப் போய்விட்டேன். குழம்பு கொதிக்கிற வரைக்கும் அங்கேயே இருந்தேன். உள்ளே சீதாதான் ஒரு பாரத்தை எடுத்து, "பதினாறாம் கேள்வி. உங்கள் கக்கூஸ் எத்தனை குடும்பத்துக்குப் பொது? வாளி எடுக்க ஆள் தினமும் வருகிறாரா?" என்று சத்தமாக வாசித்துவிட்டு, "அப்பா, எந்த ஊர்ல மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இதைக் கேப்பாங்க?" என்றாளாம். பொன்னுதுரைதான் முதலில் சிரித்தாராம். கண்ணீரைத் துடைத்தார்கள் என்று நான் எழுதியது உண்மை. அது சிரித்துச் சிரித்து வந்தது. கூட்டம் கலைவதற்குள் பதினாறாம் கேள்விக்கு மூன்று வீட்டுப் பதிலையும் வாங்கிவிட்டாள். எங்குமே "நன்று" இல்லை.

உன் அப்பா மனம் மாறினதும் என் நாவன்மையால் அல்ல. நான் இரண்டாவது பாயிண்டில் இருக்கும்போதே அவர், "நிறுத்துடா" என்று சொல்லிவிட்டு, மேஜையில் இருந்த சீதாவின் பிரதியைக் குறை கண்டுபிடிக்கலாம் என்று எடுத்தார். ரேடியோவுக்கு மேல் பிள்ளையார் ஏறின இடத்தில் லேசாக உறுமினார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அடுத்த பக்கம் எங்கம்மா?" என்று நாலு தரம் கேட்டார். கோப்பி ஆறிப்போய் ஏடு கட்டிவிட்டது. பஸ் ஒன்றை விட்டுவிட்டார்.

கடைசியில் ஒரு இடத்தில் நின்றுவிட்டார். உன் பாரத்தில் இருபது கேள்விதானே. சீதா தன் பிரதியில் எல்லா வீட்டுக்கும் இருபத்தொன்றாவது என்று ஒன்று சேர்த்து, வெள்ளிக்கிழமை முழுக்க வீடு வீடாகத் தனியாகப் போய்க் கேட்டு வந்திருக்கிறாள். வீட்டில் உள்ள பெண் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாள், எத்தனை மணிக்குப் படுக்கிறாள், நடுவில் என்னென்ன செய்கிறாள்? உன் கேள்வியில் "குடும்பத் தலைவரின் தொழில்" என்று ஒன்று உண்டு, அம்மாமார் என்ன செய்கிறார்கள் என்று ஒன்றும் இல்லை என்று அவளுக்குக் குறை. உன் அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சீதா சும்மா இருக்காமல், "உங்க வீட்டுல அம்மா எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாங்க ஐயா? எழுதிக்கட்டுமா?" என்றாள்.

மச்சான் நானூறு பேருக்கு விடியற்காலையில் பெரட்டு எடுக்கிறவர். யார் எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை நிமிஷம் பிந்தினான் என்று பத்து வருஷக் கணக்கைத் தலையிலேயே வைத்திருக்கிறவர். "நான் எழுந்திரிக்கிறப்ப கோப்பி ரெடியா இருக்கும்" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. பிறகு குடையின் பிடியைத் தடவிக்கொண்டே, "ஒரு வெறும் பாரம் இருந்தாக் குடும்மா. போய்க் கேட்டு நெரப்பி அனுப்புறேன்" என்றார். பாரம் தீர்ந்துபோனதால் சீதா கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க, அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "இன்னும் ஒரு வருஷம் படிக்கட்டும்" என்று அவர் சொன்னது படியில் இறங்கும்போது, என்னைப் பார்த்து அல்ல.

இதற்கு மேல் திருத்தம் இல்லை. ஆனால் சீதாவுக்கு இரண்டு நிபந்தனை உண்டாம். கட்டுரையின் முதல் பக்கத்தில் தகவல் சேகரித்தவர் என்று அவள் பெயர் முழுசாக வரவேண்டும். அந்த யூனிவர்சிட்டியில் பெண் பிள்ளைகள் சேருவதற்கான பாரம் ஒன்று திரும்புகிற தபாலில் வரவேண்டும். கணேசமூர்த்தி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், மறுப்புச் சொல்லவில்லை. புதன்கிழமையிலிருந்து மகளைப் பார்த்தால் கொஞ்சம் பயப்படுகிறார்.

சம்பந்த விஷயமாக உன் அத்தை அவளை ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள், எட்டாவது கோழி வீணாகக் கூடாதே என்று. அதற்குச் சீதா பேனாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டுவிட்டாள். கீழே இருப்பது அவள் எழுத்து.

இருபத்திரண்டாவது கேள்வி, ஆராய்ச்சியாளர் ஜெயபாலன் அவர்களுக்கு: விடுதியில் உங்கள் துணிகளைத் துவைப்பவர் யார்? அவர் பெயர் உங்களுக்குத் தெரியுமா? உண்மையான பதிலை எழுதவும். "நன்று" என்று எழுத வேண்டாம்.